தாழ்ப்பாள்

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடும் வேலை அவளுக்கு. அன்று காலை வரிசையில் தன் ஓரகத்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பாட்டிலோடு திரும்பிப் போகப் பார்த்தாள். பத்து வருஷமாக அந்த முகத்தில் விழிக்காமல் இருந்தவள்.

கூட்டுக் குடித்தனத்தில் இருந்தபோது, அவளுடைய இரண்டு வயது மகன் மாடிப்படியில் உருண்டு விழுந்தான். இன்றும் இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான். "பெத்தவளுக்குப் போன்ல பேச்சு, பிள்ளை மேல எங்க கண்ணு?" என்று ஓரகத்தி சொன்னது உறவெல்லாம் பரவியது. தனிக்குடித்தனம் வந்த பிறகும் அந்தச் சொல் கூடவே வந்தது. அடுப்படியில், பஸ்ஸில், குளிக்கும்போதுகூட அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வாய்க்குள்ள யாரோட சண்டை?" என்று கேட்டுக் கேட்டுக் கணவன் அலுத்துவிட்டான்.

இன்றைக்கென்று பார்த்து உடன் வேலை செய்பவள் லீவு.

"அண்ணாந்து பாருங்க" என்றாள், யாரோ போல. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

குரலைக் கேட்டதும்தான் பார்வை மங்கிய ஓரகத்திக்கு ஆள் தெரிந்தது. "நீயா?"

"அரை மணி நேரம் கண்ணைத் திறக்காதீங்க."

காரணமில்லாமல் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்வந்தாள். மூன்றாம் முறை, மூடிய கண்களோடு ஓரகத்தி பேசினாள்.

"அன்னைக்குத் துணி காயப்போட்டுட்டு மாடிப்படிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாம வந்தது நான்தான். யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். முந்திக்கிட்டு உன் மேல பழியைப் போட்டேன்."

அவள் வெடுக்கென்று திரும்பி நடந்தாள். கைகழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். இத்தனை நாள் ஒரு அரக்கியோடு மல்லுக்கட்டியிருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்ததோ ஒரு பயந்தாங்கொள்ளி. இன்னொன்றும் இருந்தது. அந்த நேரம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது உண்மை. அதனால்தானே அந்தச் சொல் இத்தனை ஆழமாக வேர்விட்டது?

திரும்பி வந்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா போதாதுக்கா. யார்கிட்டல்லாம் சொன்னீங்களோ, அவங்ககிட்டயும் சொல்லுங்க."

ஓரகத்தி கைப்பையைத் துழாவிப் போனை நீட்டினாள். "எழுத்து தெரியல. முதல்ல சொன்னது நாத்தனார்கிட்டதான், அவளுக்கு நீயே போட்டுக் குடு."

இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை லைன் கிடைத்தது. ஓரகத்தி திக்கித் திணறி முழுதும் சொன்னாள். 

"நானும் அப்போ போன்லதான் இருந்தேன்" என்றாள் இவள், யாரிடமென்று இல்லாமல்.

டாக்டர் அறைக்கு அழைத்துப்போகக் கையைப் பிடித்தபோது இருவர் கையும் வேர்த்திருந்தது.

"வீட்டுக்கு வாங்கன்னு சொல்ல எனக்கு இன்னும் நாளாகும்."

"ஆகட்டும். மெதுவா நட, படி எங்கேன்னு தெரியல எனக்கு."