பத்து நிமிடச் சச்சரவு

மாலையில் நாமக்கல்லிலிருந்து திரும்பி, கூட்டுக் கிணற்றின் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருந்த ராசப்பனுக்குக் கால்கள் கடுத்தன. மனம் அதைவிடக் கடுத்தது. மகள் நித்யஸ்ரீயைத் தம் மகனுக்குப் பெண் கேட்டிருக்கும் வெண்ணந்தூர் அருணகிரி, வழக்கப்படி பங்காளியிடம் விசாரிக்க வந்திருந்தார். பங்காளியோ ராசப்பனின் அண்ணன் குமாரசாமி.

அன்று காலையில்தான் அண்ணனும் தம்பியும் ஊர் கேட்க ஏசிக்கொண்டனர். தண்ணீர் முறை நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மாறவேண்டும். அண்ணன் ஆறு பத்துக்குத்தான் தம் மோட்டாரை நிறுத்தினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பத்து நிமிடம் ராசப்பனை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. பங்காளித் தகராறு உள்ள வீட்டில் பெண்ணெடுக்க எவர் துணிவார்?

“உங்குளுக்குள்ள தகராறுன்னு காதுல உழுந்துச்சுங்க,” என்றார் அருணகிரி.

“எவஞ் சொன்னான்? கோர்ட்டுக்குப் போனாத் தகராறு, அருவாளத் தூக்குனாத் தகராறு. எங்குளுது வெறுஞ் சச்சரவுங்க. வெடியால அவன் என்னையத் தண்ணித் திருடன்னான், நான் அவனைக் கஞ்சப்பயன்னேன். மத்தியானம் அவன் நாமக்கல் போயிட்டான். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டுனது ஆருங்க? நாந்தான். நித்யஸ்ரீ புள்ள தங்கமுங்க.”

அருணகிரி தலையசைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நெஞ்சு நெகிழ்ந்த ராசப்பன் அண்ணன் முன் வந்து நின்றார்.

“அந்தப் பத்து நிமிசத்த நீங்களே வெச்சுக்கங்ண்ணா. எனக்குச் சலிச்சுப்போச்சு.”

குமாரசாமியின் முகம் சிவந்தது. “ஏண்டா, பிச்சையா போடறே? என்ற கடியாரம் சரியான கடியாரம்டா!”

“அது நம்ம ஐயன் செத்தன்னைக்கே நின்னு போச்சுங்ண்ணா!”

சொன்ன பிறகே ராசப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கார்க் கதவைத் திறந்த அருணகிரி திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி வந்தார். ராசப்பன் வாய்க்கால் கரையில் அமர்ந்துவிட்டார்.

“ஏனுங்க சம்பந்தி,” என்றார் அருணகிரி, “ஆவணி பதினேழுல முகூர்த்தம் வெச்சா, அன்னைக்குத் தண்ணி முறை ஆருதுங்க? ஒறம்பரை சனமெல்லாம் வந்து எறங்குவாங்களே.”

ராசப்பன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிப்பதற்குள், “என்னுதுதானுங்க. ஒறம்பரைக்குத் தண்ணி உடறது நாந்தான்,” என்றார் குமாரசாமி.