எட்டூர்க்காரர்

செலினா கைபேசியை அப்பாவின் வாயருகே பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்கப்பா" என்றாள். அவர் சொன்னார். விடிந்ததிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிவந்த அதே வரி. குழறிய அந்த இத்தாலியப் பேச்சைக் கேட்டு, மொழிபெயர்க்கும் செயலி 'குடை' என்று காட்டியது. அடுத்த முறை 'சமையல்காரரின் குதிரை' என்றது.

"அத அங்கிட்டு வையி" என்றாள் அம்மா பிரிஸ்கில்லா. கஞ்சியைக் கரண்டி நுனியில் எடுத்து அவர் உதட்டில் விட்டாள். வழிந்ததைத் துடைத்தாள்.

"ஒனக்குத்தான் புரியும்லம்மா. என்ன சொல்றாரு?"

"தோளு வலிக்குதாம். வேறொண்ணுமில்ல."

ஒன்பது நாளைக்கு முன் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவர் கண் விழித்தபோது, அவரிடம் தமிழ் இல்லை. பின்னால் கற்ற மொழி சிலருக்கு முதலில் போய்விடும் என்றார் டாக்டர். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று நேற்று அனுப்பிவிட்டார்கள்.

செலினா பிறந்த நாளிலிருந்து அவளிடம் தமிழில் மட்டுமே பேசியவர். அவளுக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எத்தோரே என்ற அவர் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூரில் யார் வாயிலும் நிற்காமல் எட்டூர் சார் ஆகியிருந்தது. "எந்த எட்டூரு?" என்று கேட்பவர்களிடம், "ஏழூரைத் தாண்டிப் பாருலே" என்பார்.

முப்பத்தைந்து வயதில் இத்தாலியில் தூரின் நகரத்தில் அவர் வைத்த கண்காட்சியில், ஆலிவ் மரச் சரிவுகளும் பனி மூடிய கணவாய்களுமாக முப்பது ஓவியங்களும் விற்றுப்போயின. பத்திரிகைகள் எழுதின. மலைக்கிராமத்தில் தாய் படுக்கையில் விழவும் ஊர் திரும்பினார். தாயைக் கவனிக்க வந்த நர்சுதான் பிரிஸ்கில்லா. கிழவியின் மலைப்பேச்சை இரண்டு வருடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள். தாய் இறந்தபின் கல்யாணம் முடித்து, மனைவியின் ஊரை ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போக வந்தவர், மம்சாபுரம் கண்மாய்க் கரையில் நின்று மேற்கே மலையைப் பார்த்தார். மழை இறங்கும்போது அந்த மலைக்கு ஏழு நீலம் இருப்பதாகச் சொன்னாராம்.

இருபத்தேழு வருடம் அந்த ஏழு நீலத்தையும் படத்தில் பிடிக்கப் பார்த்தார். ஆறு வருடம் தூரின் ஓவியக்கூடம் வாங்கிக்கொண்டது. பிறகு, 'இந்த மலையை இங்கே யாருக்கும் தெரியாது' என்ற கடிதத்தோடு படங்கள் சுருள் சுருளாகத் திரும்பி வந்தன. மறுநாளும் அவர் டிவிஎஸ் ஃபிப்டியில் பலகையைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குத்தான் போனார். அம்மா ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது, செலினா "டூரிஸ்ட்" என்று சொல்லியிருக்கிறாள். அது அவர் காதுக்கு வந்தது. அவர் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவளைப் பள்ளியில் விட வரும்போது, தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார்.

பதினொரு மணிக்கு முத்துப்பாண்டி வந்தார். கண்மாய்க்கு அடுத்த தோட்டக்காரர். அப்பாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் அப்பா கோயில் ஃபாதரைக்கூட "ஏலே" என்பார்.

"ஏலே எட்டூரு, நாந்தாம்லே. எந்திரிலே, மலையில மழ எறங்குது."

அப்பா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். மெல்லத் தலையைத் தாழ்த்தி, "சிஞ்ஞோர்" என்றார்.

"என்ன பிள்ள சொல்லுதான்?"

செலினாவுக்குத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று.

"ஐயான்னு சொல்றாரு மாமா."

"என்னையவா?"

முத்துப்பாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மத்தியானம் அப்பா மறுபடி அந்த வரியைச் சொன்னார். இந்த முறை குரலில் அழுகை இருந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். குனிந்து, அவர் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கி, அந்த மொழியில் ஏதோ சொன்னாள். அவர் முகம் தெளிந்தது. இரண்டு மூன்று சொல் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணி சுமாருக்கு மூச்சு நின்றது. கையைப் பிடித்திருந்த செலினாவுக்கு, அது நின்றது உடனே தெரியவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், வீட்டு வாசல் பந்தலில் அம்மாவும் அவளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தோளா வலிச்சுச்சு?"

அம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"தோளில்ல. அவரு, இந்த வீட்டுக்காரவிய நல்லவிய. ஆனா எங்கம்மா என்னையத் தேடுவா, எப்ப எங்க வீட்டுல கொண்டுபோயி விடுவீகன்னு கேட்டாரு."

"என்னையுமா தெரியல?"

"நீ தண்ணி குடுத்தப்ப, இது யாரு வீட்டுப் பிள்ளன்னாரு. அத ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

செலினா முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"நாளைக்குக் காலையில போயிரலாம்னேன். அவிய அம்மாவுக்கும் அப்ப அதத்தான் சொல்லுவேன். சொந்த வீட்டுல படுத்துக்கிட்டே, வீட்டுக்குப் போகணும் வீட்டுக்குப் போகணும்னு அழுவாக."

"அதுக்கு அப்பா?"

அம்மா தெருவைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, நர்சம்மான்னாரு."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய ஆட்கள் இவர்கள் பக்கம் பார்க்காமல், பந்தல் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்ததையும் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.