முதுகுக்குப் பின்னால் நடந்தது

சமையலறை மேசையில் பதினான்கு அட்டைகளைப் பரப்பிவைத்துவிட்டு அயிம்கான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நாவலின் முதல் அங்கத்துக்கு ஐந்து அட்டை, கடைசி அங்கத்துக்கு ஐந்து. நடு அங்கத்தின் நான்கு அட்டைகளிலும் ஒரே வரிதான்: ‘அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.’

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் நாவல் பட்டறை நடத்தும் மிர்பெக் காலையிலேயே போனில் வறுத்தெடுத்துவிட்டார். “கதாநாயகின்னா ஏதாவது ஆசைப்படணும்மா. தடை வரணும், முடிவெடுக்கணும். உங்க ஆளு பாதி நாவலுக்குச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. ஆறு மணிக்குள்ள திட்டத்தச் சரிபண்ணி அனுப்புங்க. இல்லேன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுக் கிடைத்த இடம். தபால் நிலையத்தில் முத்திரை குத்திய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அவள் இதற்காகத்தான் எழுதினாள். ஆனால் நடந்ததைத்தானே எழுத முடியும்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணவன் துராத் இறந்தபோது முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். விதவை உட்காரவேண்டிய முறைப்படி, கூடாரத்துச் சுவரைப் பார்த்து, வந்தவர்களுக்கெல்லாம் முதுகு காட்டி மூன்று நாள் ஒப்பாரி வைத்தாள். யார் வந்தார்கள், யார் சமைத்தார்கள், ஒன்றும் அவள் பார்க்கவில்லை.

நாலரை மணிக்குப் பக்கத்து வீட்டு பாத்மா ஒரு தட்டு நிறைய பூர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளோடு வந்தாள்.

“என்னடி, சீட்டாட்டமா?”

“நாவல் அக்கா. நடுவுல ஒண்ணுமே நடக்கல.”

பாத்மா உதடசைத்து அட்டைகளைப் படித்தாள். “ஒண்ணும் நடக்கலையா? சரியாப் போச்சு. உன் முதுகுக்குப் பின்னால ஊரே அல்லோலகல்லோலப் பட்டுச்சு. எங்க வீட்டுல கல்யாணமே நின்னுச்சு.”

“எந்தக் கல்யாணம்?”

“எம் பொண்ணு பெர்மெத்தோடதுதான். வியாழக்கிழமை வெச்சிருந்தோம். செவ்வாக்கிழமை உன் வீட்டுக்காரர் போயிட்டார். பக்கத்துல கூடாரம் நிக்கறப்ப நான் பாட்டுப் போடவா? ஒரு மாசம் தள்ளி வைங்கன்னு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அவங்க சம்பந்தமே வேணாம்னு குதிச்சாங்க. எங்க வீட்டு மனுஷன் வேற, ‘வாய்க்கால் தண்ணிக்காக உன்கூட ஒரு வருஷமாப் பேசாதவளுக்காகப் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கறியா’ன்னு கத்தினார்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? விறகத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்துட்டேன். மூணு நாளும் டீ கொதிக்கிற சமோவார் அணையாமப் பாத்துக்கிட்டது யாருன்னு நெனச்ச?”

சூடான தேநீர்க் கிண்ணத்தை யாரோ பின்னாலிருந்து கையில் திணித்தது அயிம்கானுக்கு நினைவிருந்தது. அது யார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவழியாக இறங்கிவந்து அந்தக் கல்யாணம் ஒரு மாசம் கழித்து நடந்தபோதும், துக்கத்துக்குக் கறுப்பு கட்டியவள் போகக்கூடாதென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

“ஏன்க்கா எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“சொல்லிக்காட்டவா செஞ்சேன்? தின்னுடி, ஆறிப்போவுது.”

அயிம்கான் நான்கு அட்டைகளையும் கிழித்தாள். ஆசை, தடை, முடிவு, மிர்பெக் கேட்ட எல்லாம் சமோவார் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன. கதாநாயகி சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே புது அட்டைகளில் எழுதினாள். முதல் அங்கத்தில் வாய்க்கால் சண்டை. நடுவில் நின்றுபோன கல்யாணம். கை தானாக ஓடியது.

கடைசி அங்கத்தில் நின்றுவிட்டது. கதாநாயகி செய்ததற்கு என்ன கிடைத்தது? அயிம்கான் யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு நன்றிகூட இல்லை.

“சரி, நான் கெளம்பறேன். அந்தச் சனியன் புடிச்ச மாட்டக் கறக்கணும். ஒத்தையாக் கறந்தா ஒதைக்குது.”

மணி ஐந்தே முக்கால். அயிம்கான் பழைய கடைசி ஐந்து அட்டைகளையும் ஒதுக்கினாள். அந்த இடத்தில் ஒரே அட்டை வைத்து ஒரே வரி எழுதினாள்: ‘இது இன்னும் நடக்கவில்லை.’ போனில் படம் எடுத்து அப்படியே அனுப்பினாள்.

“இரு அக்கா, நானும் வரேன்.”

“நீயா? தபாலாபீஸ்காரிக்கு மாட்டப் பத்தி என்னடி தெரியும்?”

பாத்மா வீட்டுத் தொழுவத்தில் அயிம்கான் இரண்டு கையாலும் மாட்டு வாலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையில் போன் அடித்தது. வாலை விட்டால் மாடு உதைத்துப் பால் கொட்டிவிடும்.

“எடேண்டி, முக்கியமான ஆளா இருக்கப்போவுது,” என்றாள் பாத்மா, குனிந்தபடியே.

“அடிக்கட்டும்,” என்றாள் அயிம்கான். வாளியில் பால் நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்தது.