எட்டுப் பெட்டி 'கீப்'

நவம்பர் இரண்டாம் திகதி. கத்தோலிக்கர் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயில் பீடத்தின் முன்னால் இருக்கும் பெட்டியில் போடுகிற நாள். நகரத்தின் ஓரத்து மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் பேர்ணடெற், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை எழுதினாள். பல்கலைக்கழகத்து நிலவறையில், அவள் வேலை செய்யும் அகராதி அறையில், வெற்று அட்டைக்கா பஞ்சம்? கணவன் கஸ்பர் என்று எழுதினாள். அதன்கீழே, மகன் றோய். அவனைத் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் பிடித்துக்கொண்டு போனார்கள். இருக்கிறான், இல்லை என்று ஒரு சொல் வரவில்லை. "எட்டு வருசமாச்சு அக்கா, இனி அவனுக்கும் பூசை குடு" என்று பக்கத்து ஊரான விட்பியிலிருக்கும் தங்கை கிளடிஸ் முதல்நாள் போனில் அழுதிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்தால் அட்டையைக் காணவில்லை. மேசையில் கிடந்ததை எல்லாம் கூட வேலை செய்யும் அகஸ்ரின் பெட்டிகளுக்குள் வாரிப் போட்டிருந்தான். எட்டுப் பெட்டி. எட்டும் ஒரே ஆங்கில வினைச்சொல்: 'கீப்', அதாவது வைத்திருத்தல், காத்தல். நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கில உரைநடையில் அந்தச் சொல் வந்த ஒவ்வொரு வசனமும் ஒவ்வோர் அட்டையில்.

"லொறி மூண்டரைக்கு வருதக்கா. ஏத்தினா பெட்டியெல்லாம் இங்கிலாந்து அகராதிக்காரரிட்டைத்தான். என்னத்தைத் தொலைச்சனீங்கள், லொத்தர் ரிக்கற்றோ?"

"வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பெட்டியைத் திற."

தமிழ் எழுத்தைத் தேடிய கண் ஆங்கிலத்தில் போய்ப் போய்ச் சிக்கியது. ஆறு மாதமாகக் கட்டுக் கட்டாகப் பிரித்தவள்தான். முழுவதையும் ஒன்றாக இன்றுதான் பார்க்கிறாள். ஆடு மேய்த்தவன் ஆட்டைக் 'கீப்' செய்தான். காய்ச்சல்காரன் கட்டிலைக் 'கீப்' செய்தான், அதாவது எழும்பாமல் கிடந்தான். சந்தை கூட்டினார்கள், நோன்பு இருந்தார்கள், இரகசியம் காத்தார்கள், கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நின்றன. எல்லாம் அந்தச் சின்னச் சொல். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை சனம்! எல்லாரும் மண்ணாகிப் போனார்கள், ஆனால் ஒருவர்கூட அந்தச் சொல்லைக் கைவிடவில்லை.

"அக்கா, தேடுறியளோ, படிக்கிறியளோ?"

அவள் அடுத்த பெட்டியை இழுத்தாள். ஆறாம் பெட்டியில் ஒரு கடித வரி. கடலுக்குப் போன மகனுக்காக ஒரு தாய் பதினொரு வருடம் சாப்பாட்டு மேசையில் அவனுடைய இடத்தைக் 'கீப்' செய்தாளாம். அவன் வந்தானா என்று அட்டையில் இல்லை. பேர்ணடெற் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. கோயிலுக்குள் நிற்பதுபோல் அசையாமல் நின்றாள்.

அதற்கு இரண்டு அட்டை தள்ளி அவளுடைய கையெழுத்து இருந்தது; உருவி எடுத்தாள்.

"கிடைச்சுதோ? அப்ப வேலை முடியக் கோயிலடியில இறக்கி விடுறன்."

"ஓம். முதல் எனக்கு வெற்று அட்டை ஒண்டு எடுத்துத் தா."

அதில் கஸ்பரின் பெயரை மட்டும் எழுதினாள்.

"ஒராள்தானோ அக்கா?"

"ஒராள்தான்."