கோப்பில் ஏறாத சனிக்கிழமை

வகுப்பில் எனக்கு 'பிராக்கெட்' என்று பெயர். லிஸ்ப் என்ற கணினி மொழியின் மேல் இருந்த பைத்தியத்துக்குக் கிடைத்த பட்டம். அதில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் இன்னொன்று. பாடத்திட்டத்தில் அது கிடையாது, வேலைக்கும் யாரும் கேட்பதில்லை. பொழுதுபோக்காகக் கற்றேன். உண்மையைச் சொன்னால், மற்றவர்களுக்குப் புரியவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். பதினான்கு நர்ஸ்களுக்கு மாதாமாதம் டூட்டி சார்ட் போடுவது அவள் பொறுப்பு. ஸ்கேலும் பென்சிலுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு நாள் போய்விடும். முடித்த பிறகும் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து மூன்று முறை சரிபார்ப்பாள். இந்த வேலையை என் ப்ரோகிராம் ஒரு நிமிடத்தில் செய்துவிடும் என்று பீற்றிக்கொண்டேன். செய்தும் காட்டினேன். இரண்டு மாதம் விரல் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது மாதம் நான் சிரித்தேன்.

"விரலெல்லாம் எதுக்கும்மா? மெஷின் தப்பு பண்ணாது."

அதோடு விரல் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மாத சார்ட்டை நான் போட்டுக்கொண்டிருந்தபோது தோழிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"சின்ன சிஸ்டருக்கு மூணாவது சனிக்கிழமை லீவு போட்டுடு. அவ அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வாக்கு குடுத்துட்டேன், மறந்துடாதே."

வார்டிலேயே வயதில் இளையவள் இந்தச் சின்ன சிஸ்டர்.

லிஸ்ப்பில் ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை நிறுத்தாமலே புது விதி ஒன்றைத் தட்டினால் அந்த நொடியே ஏற்றுக்கொள்ளும். தோழிகள் பார்க்க ஒரே வரி தட்டினேன். சனிக்கிழமைக் கட்டத்தில் 'டூட்டி' போய் 'லீவு' வந்தது. இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அப்படித் தட்டிய விதி கணினியின் நினைவில் மட்டும்தான் நிற்கும். கோப்பிலும் எழுதி வைக்காவிட்டால், அணைத்ததும் போய்விடும். முதல் நாள் பாடம் இது. நான் எழுதி வைக்கவில்லை.

இரவு அணைத்து வைத்த கணினியை மறுநாள் திறந்து, ப்ரோகிராமை மறுபடி ஓட்டி, அச்சடித்துக் கொடுத்தேன். நானும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு வார்டு சுவரில் ஒட்டிவிட்டாள்.

இன்சார்ஜ் சிஸ்டரே வாக்கு கொடுத்த பிறகு சுவரை யார் பார்ப்பார்கள்? அந்தச் சனிக்கிழமை சின்ன சிஸ்டர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டாள். சார்ட்டில் அவளுக்குக் காலை டூட்டி. சொல்லாமல் வராமல் இருந்துவிட்டாள் என்று, நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் மெமோ கொடுத்தார். திங்கட்கிழமை அம்மா போய், தப்பு தன்னுடையது என்று சொல்லி அதை ரத்து செய்ய வைத்தாள். மொத்த வார்டும் பார்க்க மேட்ரனிடம் பேச்சு வாங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சனிக்கிழமை லீவுன்னு நான் உன்கிட்ட சொன்னேன் இல்ல?"

கேட்ட நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இல்லியேம்மா, நீ சொல்லவே இல்ல. மறந்திருப்பே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இருக்கும்" என்றாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டன. அம்மா எல்லாவற்றையும் சீட்டில் எழுத ஆரம்பித்தாள். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டு. கேஸை மூடிவிட்டோமா என்று வாசல்வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பாள். நான் பார்த்தும் பார்க்காதது போலத் தட்டில் கண்ணை வைத்திருப்பேன். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். என்னைப் போல ஒரு கோழை இருக்க முடியாது.

பதினோராவது நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. மேட்ரனுக்கு, அம்மா கையெழுத்தில். 'சமீபமாக ஞாபக மறதி அதிகமாக இருப்பதால் இன்சார்ஜ் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்குமாறு.' பக்கத்தில் நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதே. மெஷின் தப்பு பண்ணாதுன்னு நீதானே சொன்னே."

கணினியைக் கொண்டுவந்து கோப்பைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வெறும் வளைவு வளைவா இருக்கு. இதுல எனக்கு என்ன தெரியும்?"

யாருக்கும் புரியாத மொழி என்று பெருமைப்பட்டேன் அல்லவா, அனுபவி என்றது மனசு.

வேறு வழியில்லாமல் அன்று செய்ததையே அவள் முன்னால் மறுபடி செய்தேன். ஓட்டினேன். அந்த வரியைத் தட்டினேன். கட்டத்தில் 'லீவு' வந்தது. அணைத்தேன். திறந்து மறுபடி ஓட்டினேன். 'டூட்டி' என்று நின்றது. அம்மா பழையபடி விரலை நீட்டி அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"அப்ப நான் சொன்னேன்."

"நீ சொன்னேம்மா."

"கண் ஆபரேஷன்னு சொன்னேனா?"

"சொன்னே."

"வாக்கு குடுத்துட்டேன்னு?"

"அதுவும் சொன்னே."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் நிம்மதிதான் வந்தது. அதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருக்கலாம்.

கடிதத்தை நான்காகக் கிழித்தாள். "நாளைக்கு வார்டுக்கு வா. சின்ன சிஸ்டர்கிட்ட நீயே சொல்லு" என்றாள். பிறகு ஃப்ரிட்ஜின் முன்னால் போய் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் நான் எழுதி ஒட்டறப்ப, நீ பாத்துட்டுதானே இருந்தே?"

பக்கத்தில் போய் ஒரு சீட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"நீ தொடாதே" என்றாள் அம்மா.