நத்தைக்குள் ஒரு பழி

காலை வேளையில் கால்வாய்த் துறை சந்தைக்கடை போல இரையும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, விற்பனைக்குப் போகும் கேரட்டைக் கழுவுவார்கள். மதகுக்காரரின் மனைவியும் அவர்களில் ஒருத்தி. மதகுக்காரர் மதகின் மேல் நின்று, கம்பிவலையில் அப்பியிருக்கும் பட்டாணி அளவு நத்தைகளைச் சுரண்டித் தண்ணீரிலேயே தள்ளுவார். மடை திறப்பவர் மடையர்தானே என்று பெண்கள் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். அவசரம் வந்தால் ஓரமாகத் திரும்பிக் கால்வாயிலேயே சிறுநீர் கழிப்பார். ஓடுகிற தண்ணீரில் அழுக்கு நிற்காது என்று அதற்கு ஒரு வசனம் வேறு வைத்திருந்தார்.

மனைவிக்கு முதலில் காலில் அரிப்புதான் வந்தது. பிறகு அடிவயிற்று வலி, காலம் தவறிய உதிரப்போக்கு. தங்கிய கருவும் கலைந்தது. அவள் துணிகளை ஒளித்து ஒளித்துத் துவைத்ததை அவருடைய அக்கா பார்த்துவிட்டாள்.

"இது வெளிய போயி வாங்கிட்டு வர்ற நோயிடா. நான் சொன்னேன்னு சொல்லாத," என்று தம்பியின் காதில் போட்டாள். அதோடு நின்றாளா? துறையிலும் போட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் கேட்டது ஒரே வார்த்தை. "யாரு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ கேட்டேன். அதுக்கு இதுதான் பதிலா?"

"அங்க வேற போயி என் மானம் போகணுமா?"

மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப்போனார். பாதை துறை வழியாகத்தான். அவளோடு நின்று கேரட் கழுவியவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்று ஊர் வாய் மூடியிருந்ததுதான் கொடுமை.

சில மாதங்களில் மதகுக்காரருக்கே சிறுநீரில் ரத்தம் வந்தது. அவள் தந்துவிட்டுப் போனதுதான் என்று அவளைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்தார்.

"கால்வாய்ல வேலையா? தண்ணிலயே ஒண்ணுக்குப் போவீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"உங்களுக்குள்ள புழு இருக்கு, பல வருஷமாவே இருந்திருக்கும். அதோட முட்டை சிறுநீர்ல வெளிய வரும். தண்ணில பொரிச்சு நத்தைக்குள்ள போயி வளரும். அப்புறம் வெளிய வந்து, தண்ணில நிக்கறவங்க தோல் வழியா உள்ள போயிடும். பொம்பளைங்கன்னா கருப்பைவரைக்கும் பாதிக்கும். ரத்தம் போகும், கரு தங்காமப் போகலாம். வீட்ல யாருக்காவது இருக்கா?"

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அவர் மனைவியைத் தேடிப் போனார். மைத்துனர் வீட்டு வாசலில் வந்து நின்றவள் பாதியாக இளைத்திருந்தாள். அண்ணன் அவளுக்கு வைத்தியம் பார்த்திருந்தார். புழு செத்துவிட்டது, ஆனால் உள்ளே தழும்பு நின்றுவிட்டதால் இனிக் குழந்தை பிறப்பது கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள்.

"புழுன்னு இங்க வைத்தியம் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். சொல்லி அனுப்பினா நம்பியிருப்பீங்களா?"

"தப்பு என்னோடது. வீட்டுக்கு வா."

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? எம் பேரு கெட்டது துறையில. அங்க போயிச் சொல்லுங்க."

"சொன்னா வருவியா?"

"வரமாட்டேன். இருந்தாலும் சொல்லுங்க."

மறுநாள் காலை அவர் துறையில் நின்று எல்லோரையும் தண்ணீரை விட்டு மேலே வரச் சொன்னார். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். தான் தண்ணீரில் சிறுநீர் கழித்ததையும் சொன்னார். அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"மெதுவாப் பேசுடா, நாலு பேர் கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும்க்கா. என் பொண்டாட்டி சுத்தமானவ. தண்ணியக் கெடுத்தவன் நான், அவ பேரைக் கெடுத்ததும் நாமதான்."

கரையேறிய பெண்களில் ஓர் இளம் மனைவி மட்டும் போகாமல் நின்றாள். "எனக்கும் ரத்தம் போகுதுண்ணே. வீட்ல சொல்லப் பயமா இருக்கு."

"நீ பயப்படாதம்மா. நான் வந்து உன் வீட்டுக்காரர்கிட்டப் பேசறேன். நோய் வந்தவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், சந்தேகப்படக் கூடாது. அதச் சொல்ல என்னை விடப் பட்டவன் யாரு இருக்கான்?"