எஃப் நைன் கறுப்புத் திரை

தி.நகர் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் பரத்வாஜ் சிஸ்டம்ஸ் இருந்தது. கம்பெனி என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முதலாளி பரத்வாஜ், அவரிடம் வேலை பார்க்கும் இரண்டு பேர். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே மானிட்டரில் எழுத்துகள் இரண்டு அங்குலம் துள்ளும் என்று சுந்தரராமன் சத்தியம் செய்வார். அந்த இரண்டு பேரில் ஒருவர் அவர். வயது ஐம்பத்தாறு. பழைய கம்பெனி அவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பியபின், ஊரில் இருந்த அத்தனை கம்ப்யூட்டர் வகுப்புகளிலும் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். இன்னொருவர் நஸ்ருன்னிசா. வயது இருபத்தெட்டு. ராயப்பேட்டை. அவள் கீபோர்டில் கை வைத்தால் அது தையல் மெஷின் மாதிரி ஓடும்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பரத்வாஜ் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல வடபழனி மண்டபத்துக்காரம்மா வராங்க. புக்கிங் புரோகிராம் ஓடணும். ரசீது அடிக்கறது சார் பாகம். தேதி பாக்கறது நஸ்ருன்னிசா பாகம்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து ஒரு ஆளைத்தான் வெச்சுக்க முடியும். யார் பாகம் ஒழுங்கா ஓடறதோ..." என்று இழுத்தார். அந்த இழுப்பு வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த அறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுந்தரராமனுக்கு இந்த வேலை போனால் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு, கே.கே. நகரில் மகன் வீட்டு ஹாலில் சோபாவோடு சோபாவாகக் கிடக்க வேண்டும். நஸ்ருன்னிசாவின் கதை வேறு. கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் வாஜித் ஆம்பூரில். 'வேலை நிரந்தரமானா பையனே மெட்ராசுக்கு வரட்டும், இல்லேன்னா நீ மூட்டை கட்டிக்கிட்டு இங்க வந்துடு' என்று மாமியார் சொல்லியிருந்தார். ஆம்பூரில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. மாமியார் வீட்டில் அவளுக்கு அடுப்படிக்கு வெளியே ஒரு நாற்காலி கிடையாது. இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு அவரிடம் சொன்னதுதான்.

இருவருக்கும் ஒரே மெஷின். புரோகிராம் எழுதுவது எடிட்டரில். எழுதியதை ஓட்டிப் பார்க்க எடிட்டரை மூடி, கறுப்புத் திரைக்கு வந்து, கட்டளை அடிக்க வேண்டும். தப்பு தெரிந்தால் மறுபடி எடிட்டரைத் திறந்து அந்த வரியைத் தேட வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி நூறு தடவை. சுந்தரராமன் கணக்கில் பதினாயிரம் தடவை.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் எடிட்டரின் கையேட்டோடு மல்லுக்கட்டினார். முந்நூற்றுச் சொச்சம் பக்கம்; எறும்பு பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்து. சாயங்காலம், எஃப் நைன் விசையில் ஒரு புதுக் கட்டளையைப் பூட்டிவிட்டு, நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"நஸ்ருன்னிசா, இங்க வா. எஃப் நைனை அமுக்கு."

அமுக்கினாள். எடிட்டர் மறைந்து கறுப்புத் திரை வந்தது.

"ஐயோ, என் ஃபைல் போச்சா சார்?"

"எங்கேயும் போகலை. எடிட்டர் பின்னால மூச்சை அடக்கிண்டு நிக்கறது. இது எடிட்டர் வயித்துக்குள்ளயே இருக்கற கறுப்புத் திரை. ஓட்டிப் பாரு, முடிஞ்சதும் எக்ஸிட்னு அடி, விட்ட வரியிலயே வந்து நிப்பே."

அடித்தாள். நின்றாள். "சார், நீங்க மந்திரவாதி!"

"இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்றார். அன்று மயிலாப்பூர் வரைக்கும் பஸ்ஸில் அவருக்கு உட்கார இடமில்லை; அது அவருக்குத் தெரியவும் இல்லை. தரையிலிருந்து அரையடி உயரத்தில்தான் நின்றுகொண்டு போனார்.

வீட்டில் மனைவி ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். "அவளுக்கும் எதுக்கு சொல்லிக் கொடுத்தேள்? ஒரு ஆள்தானே நிக்கப் போறது?"

"ஒரே மெஷின்டி. எனக்கு மட்டும் எப்படி ஒளிச்சு வெச்சுக்கறது?"

"நாலு நாளைக்கு ஒளிச்சு வெச்சுண்டா ஒண்ணும் குடி முழுகியிருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். மானிட்டரின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் சுந்தரராமனே எழுதி ஒட்டியது. 'கறுப்புத் திரை வந்தால் ED என்று அடிக்கவும், மண்டபம் ஃபைல் திறக்கும். சேவ் பண்ணவா என்று கேட்டால் யோசிக்காமல் Y அடிக்கவும்.' அந்தச் சந்தில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். யோசித்தவன் எழுதியதை இழப்பான். அதனால் அந்த இரண்டு வரியும் இருவர் விரலிலும் ஊறிப்போயிருந்தன. புதுக் கறுப்புத் திரையைச் செய்தவருக்குப் பழைய காகிதத்தைக் கிழிக்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மெஷின் முழுக்க நஸ்ருன்னிசாவுக்கு. சுந்தரராமனின் ரசீது புதன்கிழமையே முடிந்துவிட்டது; அவர் காகித மாதிரிகளை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரம்ஜான் நோன்பு மாதம். அவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. நாலரை மணிக்கு ஒரே மண்டபத்தில் ஒரே தேதிக்கு இரண்டாவது கல்யாணத்தை எழுதிப் பார்த்தாள். மெஷின் 'பீப்' என்று கத்தி, மாட்டேன் என்றது.

"சார்! பாத்தீங்களா? தள்ளிடிச்சு!"

சுந்தரராமன் வந்து பார்த்தார். தன்னால் ஏழு ஜன்மம் எடுத்தாலும் இதை எழுத முடியாது என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. "பிரமாதம்மா" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். பிறகு நினைத்து நினைத்துப் பார்த்தபோதும் அந்த ஒரு வார்த்தையில் அவருக்குக் கலப்படம் தெரியவில்லை.

"நான் சேவ் பண்ணிட்டேன் சார். நோன்பு திறக்கறதுக்குள்ள வீட்டுக்குப் போயாகணும். பஸ் கெடைக்காது. நீங்க மூடிட்டு ஃப்ளாப்பியில ஒரு காப்பி போட்டுடறீங்களா?"

"போம்மா, போ. நான் பாத்துக்கறேன்."

எடிட்டரை மூடினார். கறுப்புத் திரை. விரல் பழக்கத்தில் எக்ஸிட் என்று அடித்தார். மறுபடி எடிட்டர் வந்தது, அதே மண்டபம் ஃபைல். மூடப் போனால், சேவ் பண்ணவா என்று கேட்டது. Y. கறுப்புத் திரை. எக்ஸிட். மறுபடியும் எடிட்டர். சேவ் பண்ணவா? Y. அப்பாடா, மூடிற்று. ஃப்ளாப்பியைச் செருகிக் காப்பி எடுத்து, முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கே பேச்சியம்மாள் வந்துவிட்டார். வடபழனிக் கோயிலுக்குப் பக்கத்தில் மண்டபம் வைத்திருப்பவர். அவர் உட்கார்ந்ததும் அறையில் மற்றவர்கள் மூச்சு விட இடமில்லை.

முதலில் ரசீது. பிரிண்டர் கறகறவென்று அடித்துத் துப்பியது. பேச்சியம்மாள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நல்லா கீது. பேரு பெருசா வந்துகீது."

அடுத்து நஸ்ருன்னிசா உட்கார்ந்தாள். ஒரு தேதியைப் போட்டாள். ஒரு கல்யாணம் ஏறியது. அதே தேதிக்கு இன்னொன்றைப் போட்டாள். "இப்ப பாருங்கம்மா, தள்ளிடும்."

தள்ளவில்லை. ஏறியது. அவள் இன்னொன்று போட்டாள். அதுவும் ஏறியது.

"இன்னாம்மா இது? ஒரே மேடையில மூணு மாப்ளையா?" பேச்சியம்மாள் மேஜையைத் தட்டினார். "நாலாவது ஆளு வந்தாலும் குந்த வெச்சுடுமா உங்க பொட்டி? பந்தியில சாம்பார யாரு நைனா ஊத்துறது? போலீசா?"

பரத்வாஜ் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை. நஸ்ருன்னிசாவின் விரல்கள் ஓடின. ஃபைலைத் திறந்தாள். புதன்கிழமை விட்ட இடத்தோடு அது நின்றது. எடிட்டர் தானாக வைக்கும் முந்தைய பிரதியைத் திறந்தாள். அதில் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு எழுதிய தேதிப் பாகம் ஒரு வரிகூட இல்லை. ஃப்ளாப்பியில் இருந்ததும் புதன்கிழமையதுதான்.

சுந்தரராமன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. கறுப்புத் திரை வந்தால் ED. அவள் பழக்கத்தில் எக்ஸிட்டுக்குப் பதிலாக ED அடித்திருக்கிறாள். எடிட்டர் வயிற்றுக்குள் கறுப்புத் திரை, அதற்குள் இன்னொரு எடிட்டர், அதற்குள்ளும் ஒன்று. மூன்று எடிட்டரிலும் ஒரே ஃபைல்: வெளியே புதன்கிழமையது, நடுவில் மத்தியானத்தது, உள்ளே சாயங்காலத்தது. உள்ளே இருந்ததை அவள் சரியாகத்தான் சேவ் பண்ணினாள். அதன்மேல் நடுவில் இருந்ததை எழுதியது அவருடைய முதல் Y. அதன்மேலும் பழையதை எழுதியது இரண்டாவது Y. ஒரு தடவையோடு நின்றிருந்தால்கூட முந்தைய பிரதியில் சாயங்காலத்தது தப்பியிருக்கும். இதெல்லாம் அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"எழுதினேன் சார்" என்றாள் நஸ்ருன்னிசா. "நாலரைக்கு ஓடிச்சு. சுந்தரராமன் சார் பாத்தாங்க."

பரத்வாஜ் திரும்பினார். "நேத்து மெஷினை யார் சார் மூடினா?"

கீழே எவனோ ஒரு குடத்தைத் தட்டினான். நஸ்ருன்னிசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சந்தேகம் இல்லை. சொல்லப் போகிறார் என்று காத்திருக்கும் முகம்.

"நான்தான் மூடினேன்" என்றார் சுந்தரராமன். அதுவரைக்கும் சரியாகத்தான் வந்தது. பிறகு நாக்கு எங்கேயோ திரும்பிவிட்டது. "ஓடித்துன்னுதான் நினைக்கறேன்... சரியா கவனிக்கலை. மெஷின்ல மெமரி கம்மி. அதனால ஏதாவது..."

பேச்சியம்மாள் எழுந்தார். "ரசீது மட்டும் போட்டுக் குடு நைனா. தேதிய நான் டைரியில எழுதிக்கிறேன். டைரி மூணு மாப்ளைய ஏத்தாது." படிகள் அதிர இறங்கிப் போனார்.

பரத்வாஜ் கெட்டவர் இல்லை. கத்தவில்லை. "சாரிம்மா" என்றார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் வா. வேற எடத்துல சொல்லிப் பாக்கறேன்."

"வேணாம் சார்" என்றாள் அவள். தோள்பையை எடுத்தாள். மேஜைமேல் இருந்த தன் பேனாவை எடுத்தாள். சுந்தரராமனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், ஒரு வசவு வைதிருக்கலாம். துப்பட்டாவைத் தலையில் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டாள்.

அவர் அவள் பின்னாலேயே ஓடினார். மூன்று மாடியையும் செருப்பில்லாமல் இறங்கினார். பாத்திரக்கடை வாசலில், எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவே அவளைப் பிடித்துவிட்டார்.

"நஸ்ருன்னிசா!"

திரும்பினாள். அவள் கண் காய்ந்திருந்தது. "சொல்லுங்க சார்."

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. என் விரல்தான் என்றால் போதும். இன்னும் பரத்வாஜ் மேலேதான் இருக்கிறார். இருவரும் திரும்பப் படியேறினால் இரண்டே நிமிடம். அவள் உட்கார்ந்தால் அந்தப் பாகத்தை ஒரே நாளில் மறுபடி எழுதிவிடுவாள். பிறகு கே.கே. நகர் ஹால் கண்ணுக்கு வந்தது. சோபா வந்தது.

"பஸ்ல பாத்துப் போம்மா" என்றார். "கும்பலா இருக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். உஸ்மான் ரோட்டுக் கும்பல் அவளை ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

அவர் மேலே வந்தபோது பரத்வாஜ் மெஷின் முன்னால் உட்கார்ந்து, எஃப் நைனை அமுக்குவதும் எக்ஸிட் அடிப்பதுமாக இருந்தார்.

"சார், எடிட்டருக்குள்ளயே கறுப்புத் திரை வருதே! இது அந்தப் பொண்ணு பண்ணதா?"

"இல்லே, இல்லே" என்றார் சுந்தரராமன். குரல் தடுமாறவே இல்லை. "நான் பண்ணினது."